மாநாட்டில் மூன்று அமர்வுகள்: சுங்கை சிப்புட் ஆசிரியர் ஒருவரின் கேள்விக்குப் பதில்

கேள்வி: "ஐயா, மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியராக இருக்கிறேன். பகுதி நேரமாக முனைவர் பட்ட ஆய்வும் செய்கிறேன். சிறு பள்ளிகளைப் பற்றி ஆராயும் ஆசிரியர்களும் விரிவுரையாளர்களும் சேர்ந்து ஓர் ஆய்வு வலையமைப்பு வைத்திருக்கிறோம். ஆண்டுதோறும் நடக்கும் கல்வி மாநாட்டில் இம்முறை எங்களுக்கு மூன்று அமர்வுகள் ஒதுக்கியிருக்கிறார்கள். அவற்றை நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பெரிய பேராசிரியர்களும் வருவார்கள். எங்கிருந்து தொடங்குவது?"

தம்பி, எத்தனை கட்டுரைகள் படிக்கப்பட்டன என்பதை வைத்து உங்கள் அமர்வுகளை அளக்காதீர்கள். ஒரே கேள்வியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும் நான்கு பேர் ஒரே அறையில் உட்கார்ந்து, ஒருவர் சொன்னதற்கு மற்றவர் பதில் சொல்லி, வெளியே போகும்போது தொலைபேசி எண்ணை மாற்றிக்கொண்டால் அமர்வு வென்றது. கட்டுரை வாசிப்பு அதற்கான முன்னேற்பாடு, அவ்வளவுதான். கீழே நான் சொல்லும் எல்லாமே கலந்துரையாடலுக்கு உரிய நேரத்தை எப்படிக் காப்பாற்றுவது என்பதைப் பற்றியதுதான்.

இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. ஐரோப்பியக் கல்வி ஆய்வுச் சங்கம் 1994-இல் அமைந்தது. அதன் ஆண்டு மாநாடு அதற்கும் முன்பே, 1992-இல், நெதர்லாந்தின் என்ஸ்கெடே நகரில் தொடங்கிவிட்டது. அந்த மாநாடு முழுக்க முழுக்க வலையமைப்புகளின் தோளில்தான் நிற்கிறது. முப்பதுக்கும் மேற்பட்ட வலையமைப்புகள்; ஒவ்வொன்றுக்கும் தன்னார்வ ஒருங்கிணைப்பாளர்கள். தங்கள் துறைக்கு வரும் கட்டுரைச் சுருக்கங்களை, எழுதியவர் பெயரை மறைத்து, அந்தந்த வலையமைப்பே மதிப்பிடுகிறது. எந்தக் கட்டுரை எதனோடு சேர வேண்டும், யார் தலைமை தாங்க வேண்டும் என்பதிலும் அதன் சொல்லுக்குத்தான் மதிப்பு. உங்களைப் போன்றவர்களுக்கு நெருக்கமான வலையமைப்புகளும் அங்கே இருக்கின்றன: சமூகம், குடும்பம், பள்ளி ஆகியவற்றுக்கு ஒன்று, மொழிக்கும் கல்விக்கும் ஒன்று. அமெரிக்கக் கல்வி ஆய்வுச் சங்கத்திலும் (1916-இல் தோன்றியது) தனி ஆர்வக் குழுக்கள் என்ற பெயரில் இதே ஏற்பாடு உண்டு. மாநாட்டை நடத்தும் பல்கலைக்கழகம் மண்டபம், பதிவு, சாப்பாடு, ஒலிபெருக்கி எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும். அறிவுக்குப் பொறுப்பு வலையமைப்பு. இந்தப் பிரிவினையை உங்கள் மாநாட்டு ஏற்பாட்டுக் குழுவிடம் தொடக்கத்திலேயே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள். மதிப்பீடும் அமர்வு வகுத்தலும் உங்கள் கையில் இல்லையென்றால், நீங்கள் ஒருங்கிணைப்பாளர் அல்ல, அறிவிப்பாளர்.

சுருக்கங்களை அழைக்கும்போதே என்ன வேண்டும் என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள்: ஆய்வுக் கேள்வி, எங்கே யாரிடம் தரவு திரட்டப்பட்டது, எப்படி, என்ன தெரிந்தது, இன்னும் தெரியாதது என்ன. அந்த ஐரோப்பிய மாநாட்டில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. உங்கள் நாட்டுக்குள் மட்டும் நின்றுவிடாமல், பிற நாட்டு ஆய்வாளருக்கும் இது ஏன் முக்கியம் என்று சுருக்கத்திலேயே காட்ட வேண்டும். அந்த நிபந்தனையை உங்கள் அளவுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வட்டாரத்து ஹீவுட் தோட்டப் பள்ளியைப் பற்றி எழுதுகிறவர், ஜொகூரிலோ சரவாக்கிலோ சிறு பள்ளியில் இருக்கும் ஆசிரியர் இதிலிருந்து எதை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பத்தி எழுதட்டும். எழுதும்போது அவருக்கே தன் ஆய்வு தெளிவாகும்.

வரும் சுருக்கங்களில் பெரும்பகுதி செயலாய்வாக, அதாவது ஆசிரியர் தம் வகுப்பிலேயே ஓர் உத்தியைச் செய்து பார்த்து ஆராய்வதாக, இருக்கும். நம் ஆசிரியர்கள் அதைத்தான் செய்கிறார்கள். அதைத்தான் அவர்களால் செய்யவும் முடியும். பல்கலைக்கழக மதிப்பீட்டாளர் சிலர் அதைக் கண்டதும் "மாதிரி எண்ணிக்கை போதாது" என்று எழுதித் தள்ளிவிடுவார்கள். அதை ஏற்காதீர்கள். பதினொரு பிள்ளைகள் மட்டுமே படிக்கும் பள்ளியில் பதினொரு பிள்ளைகளைப் பற்றித்தான் ஆராய முடியும். ஆனால் சலுகையும் காட்ட வேண்டாம். முன்தேர்வு, பின்தேர்வு, மதிப்பெண் கூடியது, ஆகவே உத்தி வெற்றி என்று நான்கு வரியில் முடியும் செயலாய்வை நான் திருப்பி அனுப்பச் சொல்வேன். எந்தப் பிள்ளைக்கு அது உதவவில்லை, ஏன் உதவவில்லை என்று எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். அந்த ஒரு பத்தி இருந்தால் அவர் வகுப்பைக் கவனித்திருக்கிறார் என்று பொருள்.

ஒவ்வொரு சுருக்கத்தையும் இருவர் படிக்கட்டும், ஒருவர் பள்ளியிலிருந்து, ஒருவர் பல்கலைக்கழகத்திலிருந்து. இருவரும் எதிரெதிராகச் சொன்னால் மூன்றாமவர். நம் துறை சிறியது. பெயரை மறைத்தாலும் "ஆற்றோரத் தோட்டப்பள்ளி, கூட்டு வகுப்பு" என்ற வரியைப் பார்த்ததுமே பாதிப் பேருக்கு எழுதியவர் யார் என்று தெரிந்துவிடும். ஆகவே மதிப்பீட்டாளர்களிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: ஆளைத் தெரிந்துவிட்டால் அதைச் சொல்லிவிட்டு, அந்தச் சுருக்கத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். தேர்வாகாதவர்களுக்கு இரண்டு வரியிலாவது காரணம் எழுதுங்கள். வெறும் "வருந்துகிறோம்" என்ற மின்னஞ்சல் ஓர் இளம் ஆசிரியரை ஆய்விலிருந்தே விரட்டிவிடும்.

இனி, கட்டுரைகளைக் கோப்பது. இதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் ஒதுக்க வேண்டும். வழக்கமாக என்ன நடக்கிறது? தலைப்பில் "வாசிப்பு" என்று இருந்தால் ஒரு கட்டு, "கணிதம்" என்று இருந்தால் ஒரு கட்டு, மிஞ்சியதெல்லாம் "இதர". அந்த "இதர" அமர்வுக்கு யாரும் வருவதில்லை, பேசுகிறவர்களுக்கே மற்றவர் பேச்சில் அக்கறை இருப்பதில்லை. தலைப்பைப் பார்க்காமல் கேள்வியைப் பாருங்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. ஒருவர் வரலாறு எழுதியிருக்கிறார்: 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்றது, ஆனால் பல தோட்டங்களில் வேலையை மேற்பார்க்கும் கங்காணியோ கணக்கெழுதும் கிராணியோ பெயருக்கு வாத்தியாராக நின்றார். இன்னொருவர் இன்றைய இடமாற்றத்தைப் பற்றி எழுதியிருக்கிறார்: தோட்டம் விற்கப்பட்டது, மக்கள் தாமான்களுக்கு (புதிய வீடமைப்புப் பகுதிகளுக்கு) குடிபெயர்ந்தார்கள், பள்ளி மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கிறது, அதைப் பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நகர்த்த யார் நிலம் கொடுப்பது? மூன்றாமவர் அரசின் பகுதி உதவி மட்டும் பெறும் பள்ளிகளின் பராமரிப்புச் செலவை ஆராய்ந்திருக்கிறார். தலைப்பு வாரியாகப் பிரித்தால் இவை வரலாறு, சமூகவியல், நிர்வாகம் என்று மூன்று திசைக்குப் போய்விடும். மூன்றும் கேட்பது ஒன்றே: பள்ளிக்கு யார் கடன்பட்டிருக்கிறார்கள்? நிர்வாகமா, அரசா, சமூகமா? இவர்களை ஒரே மேசையில் உட்கார வையுங்கள். நூறாண்டு இடைவெளி உள்ள இரண்டு கட்டுரைகள் ஒன்றுக்கொன்று பேசத் தொடங்கும். அமர்வுக்குத் தலைப்பாகவும் அந்தக் கேள்வியையே கொடுங்கள்.

அதேபோல் கூட்டு வகுப்பில் (பல ஆண்டு மாணவர்கள் ஒரே அறையில்) கணிதம், முதலாம் ஆண்டு வாசிப்பு, ஆறாம் ஆண்டு யுபிஎஸ்ஆர் தேர்வு 2021-இல் நீக்கப்பட்டபின் வந்த வகுப்பறை மதிப்பீட்டுச் சிக்கல் ஆகிய மூன்றும் ஒரே ஆசிரியர் ஒரே மணி நேரத்தில் எத்தனை பிள்ளைகளை எத்தனை நிலைகளில் கவனிக்க முடியும் என்ற கேள்விக்குள் வந்துவிடும். புகுமுக வகுப்பு, இடைநிலைப்பள்ளிக்குப் போகும் பிள்ளைகளின் தேசியமொழித் தடுமாற்றம், பாதியில் நிற்பவர்கள் ஆகியவை மூன்றாவது அமர்வு. நீங்களே பார்க்கலாம், உங்களுக்கு மூன்று அமர்வுகள் போதும்.

ஓர் அமர்வுக்கு 90 நிமிடங்கள் கிடைத்தால் மூன்று கட்டுரைகளுக்கு மேல் ஏற்காதீர்கள். ஐந்து நிமிடம் அறிமுகம். ஒவ்வொருவருக்கும் 15 நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் விளக்கம் கேட்க மட்டும். அப்படி 65 நிமிடம் போக, மீதி 25 நிமிடம் மூவரையும் ஒன்றாக முன்னால் உட்கார வைத்துப் பொதுக் கலந்துரையாடல். இந்த 25 நிமிடத்தின் மீதுதான் எல்லோருக்கும் கண். நான்காவது கட்டுரையைச் சேர்க்கச் சொல்லி ஏற்பாட்டுக் குழு கேட்கும், வந்த விருந்தினருக்கு இரண்டு நிமிடம் கொடுக்கச் சொல்வார்கள். கொடுக்காதீர்கள். பணிவாக, ஆனால் உறுதியாக மறுத்துவிடுங்கள்.

நம் மாநாடுகளில் இதற்குப் பெரிய எதிரி தொடக்க விழா. தமிழுக்கு மாநாடு நடத்துவதில் மலேசியா முன்னோடி. முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு 1966-இல் கோலாலம்பூரில்தான் நடந்தது; மலாயாப் பல்கலைக்கழகத்தில் இருந்த தனிநாயகம் அடிகள் அதற்கு உயிராக நின்றார். அந்தப் பெருமை நமக்கு உண்டு. அதே வேளையில், குத்துவிளக்கு, வரவேற்பு நடனம், பொன்னாடை, பிரமுகர் உரை என்று காலைப் பொழுது நீண்டு, முதல் சுற்று அமர்வு பாதியாகச் சுருங்குவதும் நம் வழக்கமாகிவிட்டது. இரவெல்லாம் கண்விழித்துப் படவில்லை (திரையில் காட்டும் ஸ்லைடு) தயாரித்த ஆசிரியைக்கு ஏழு நிமிடம் கிடைக்கிறது. ஆகவே விழாவை ஒட்டி வரும் முதல் சுற்றில் உங்கள் அமர்வை வைக்க ஒப்புக்கொள்ளாதீர்கள். இரண்டாம் நாள் காலை கேளுங்கள். முடிந்தால் சனிக்கிழமை. பள்ளி நாளாக இருந்தால் ஆசிரியர்கள் தலைமையாசிரியரிடம் அனுமதி வாங்க வேண்டும். நான்கு ஆசிரியர் மட்டும் இருக்கும் பள்ளியில் ஒருவர் வெளியே போனால் இரண்டு வகுப்பு அநாதையாகிவிடும். பதிவுக் கட்டணத்தையும் இப்போதே கேளுங்கள். பேராசிரியருக்குப் பல்கலைக்கழகம் கட்டும், ஆசிரியர் தம் பையிலிருந்து ரிங்கிட் எடுத்துக் கட்டுகிறார். இருவருக்கும் ஒரே கட்டணம் என்பது நியாயமில்லை.

மாநாட்டுக்கு இரண்டு மூன்று வாரங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை காலையில் உங்கள் ஊரிலேயே ஒத்திகை வையுங்கள். பள்ளி நூலக அறை போதும். ஈப்போவிலிருந்தும் கோலகங்சாரிலிருந்தும் வருகிறவர்களுக்கு சுங்கை சிப்புட் நடுவில்தான் இருக்கிறது. வர முடியாதவர்கள் இயங்கலையில் சேரட்டும். ஒத்திகையில் எப்போதும் ஒரே குறைதான் தெரியும். அப்படி ஓர் ஒத்திகையில் ஓர் ஆசிரியை பேசியது நினைவிருக்கிறது. தோட்டப்பள்ளிகளின் தோற்றம், ரசாக் கல்வி அறிக்கை, சுதந்திரத்தின்போது எண்ணூறுக்கும் மேல் இருந்த தமிழ்ப்பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சமாகக் குறைந்தது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். மணி அடித்தபோது அவர் இன்னும் தம் வகுப்புக்குள் நுழையவே இல்லை. பிறகு தேநீர் வேளையில், கையில் கறிபப்போடு, பக்கத்தில் இருந்தவரிடம் தம் கரும்பலகையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். கூட்டு வகுப்பு என்பதால் பலகையைச் சுண்ணக்கட்டியால் மூன்றாகக் கோடு கிழித்துப் பிரித்திருக்கிறார். இடப்பக்கம் ஒன்றாம் ஆண்டு, நடுவில் இரண்டாம் ஆண்டு, வலப்பக்கம் மூன்றாம் ஆண்டு. சில வாரங்களில் ஒன்றாம் ஆண்டுப் பையன் ஒருவன் தன் பகுதியை முடித்துவிட்டு நடுப் பகுதிக் கணக்கைத் தானாகவே செய்யத் தொடங்கியிருக்கிறான். மூன்றாம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி, யாரும் பார்க்காதபோது, இடப்பக்கத்தைப் பார்த்து எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள். அதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. கட்டுரையை அங்கிருந்து தொடங்கச் சொன்னோம். முதல் படவில்லையில் அந்தக் கரும்பலகையின் படம், பிள்ளைகள் இல்லாமல்.

வெளியூர் வரலாற்றாசிரியருக்கு சுங்கை சிப்புட் என்றால் 1948 ஜூனில் தோட்ட நிர்வாகிகள் சுடப்பட்டதும் அவசரகாலம் அறிவிக்கப்பட்டதும் நினைவுக்கு வரும். நமக்கு முன்னாள் அமைச்சர் துன் சம்பந்தனின் ஊர். எல்லாம் உண்மை, எல்லாம் சொல்லத் தக்கது. ஆனால் 15 நிமிடப் பேச்சில் அதற்கு இடமில்லை. அமர்வின் தொடக்கத்தில் நீங்கள் மூவருக்கும் பொதுவாக இரண்டு நிமிடம் பின்னணி சொல்லிவிடுங்கள். 150 மாணவருக்குக் குறைந்தால் கல்வி அமைச்சு அதைக் குறைந்த மாணவர் பள்ளி என்று வகைப்படுத்துகிறது, தமிழ்ப்பள்ளிகளில் பெரும்பகுதி அந்த வகைதான் என்று நீங்களே சொல்லிவிட்டால், பேச்சாளர் ஒவ்வொருவரும் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை.

பிள்ளைகள் இல்லாத படம் என்றேன். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிறு பள்ளி ஆய்வில் இதுதான் பெரிய ஆபத்து. அறுநூறு பேர் படிக்கும் பள்ளியில் "நான்காம் ஆண்டு மாணவி ஒருத்தி" என்றால் அவள் யாரோ ஒருத்தி. ஒன்பது பேர் படிக்கும் பள்ளியில் நான்காம் ஆண்டில் ஒரே ஒரு மாணவிதான் இருப்பாள். பள்ளியின் பெயரை மறைத்து "பேராக் மாநிலத்து ஒரு தோட்டப்பள்ளி" என்று எழுதினாலும், பேச்சாளர் எந்தப் பள்ளியில் பணியாற்றுகிறார் என்பது நிகழ்ச்சி நிரலிலேயே அச்சாகியிருக்கும். அவளுடைய அப்பா குடிப்பவர் என்றும், அம்மா விட்டுப் போய்விட்டார் என்றும், அவளுக்கு இன்னும் எழுத்துக்கூட்டத் தெரியவில்லை என்றும் கட்டுரை சொன்னால், அந்த அறையில் இருக்கும் பக்கத்துத் தோட்டத்து ஆசிரியருக்கு அவள் யார் என்று உடனே தெரியும். மாலைக்குள் புலனத்தில் (வாட்ஸ்அப்) படவில்லையின் படம் சுற்றும். அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டும் அதே பள்ளிக்குத்தான் போக வேண்டும்.

பள்ளியில் ஆய்வு செய்ய அமைச்சின் கல்வித் திட்டமிடல் ஆய்வுப் பிரிவிடம் அனுமதி பெற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான். பேச்சாளர்களிடம் அந்த அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள். ஆனால் அனுமதிக் கடிதம் இந்தப் பிள்ளையைக் காப்பாற்றாது. ஒருங்கிணைப்பாளர் என்ற முறையில் எல்லாப் படவில்லைகளையும் ஒரு வாரத்துக்கு முன்பே வாங்கி நீங்களே ஒரு முறை பாருங்கள். முகம் தெரியும் படம் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சீருடையில் பள்ளிச் சின்னம் தெரிந்தாலும்தான். ஒரே பிள்ளையை அடையாளம் காட்டும் குடும்பச் செய்தி இருந்தால், இரண்டு மூன்று பிள்ளைகளின் அனுபவத்தைச் சேர்த்து எழுதச் சொல்லுங்கள், அல்லது ஆண்டு, பால் போன்ற விவரங்களை விட்டுவிடச் சொல்லுங்கள். பேச்சாளர் மறுத்தால் அந்தப் பகுதியைப் பேசாமல் விடும்படி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. இந்த ஒன்றில் மட்டும் வயதையும் பதவியையும் பார்க்காதீர்கள்.

அமர்வு நாளன்று செய்ய வேண்டியவை சில்லறை வேலைகள்தான். விரலியில் (பென்டிரைவ்) எல்லாப் படவில்லைகளையும் ஒன்றாகச் சேர்த்துக்கொண்டு கால் மணி நேரம் முன்பே போய்விடுங்கள். தமிழ் எழுத்துரு அந்த மடிக்கணினியில் உடையாமல் தெரிகிறதா என்று பாருங்கள். உடைந்தால் பிடிஎஃப் கோப்பாக மாற்றி வைத்தது உதவும். நேரம் பார்ப்பவரைப் பேச்சாளரின் நேர் பார்வையில் முதல் வரிசையில் உட்கார வையுங்கள். அறிமுகம் ஆளுக்கு இரண்டு வரி. பட்டங்களை வாசிக்க வேண்டாம், அவை நிகழ்ச்சி நிரலில் இருக்கின்றன.

பேச்சாளர் ஒருவர் வரவில்லை என்றால் அடுத்தவரை முன்னால் இழுக்காதீர்கள். நேரத்தைப் பார்த்து வேறு அமர்விலிருந்து எழுந்து வருகிறவர்கள் இருப்பார்கள். கதவைத் திறக்கும்போது அவர்கள் கேட்க வந்த பேச்சு முடிந்திருக்கக் கூடாது. அந்த இருபது நிமிடத்தைக் கலந்துரையாடலுக்குக் கொடுங்கள். வராத பேச்சாளர் நமக்குச் செய்த உதவி என்றே அதை நினைக்கலாம்.

பேராசிரியர்களைப் பற்றிக் கவலைப்பட்டிருந்தீர்கள். பெரும்பாலானவர்கள் நல்லவர்கள், கேட்கத்தான் வருகிறார்கள். சிக்கல் என்னவென்றால், மரியாதை காரணமாக முதல் கேள்வியை நாம் அவர்களிடம் கொடுத்துவிடுகிறோம். அவர் ஐந்து நிமிடம் பேசுவார். அது கேள்வியாக இருக்காது, இன்னோர் உரையாக இருக்கும். அதன் பிறகு பின்வரிசை ஆசிரியர் யாரும் வாய் திறக்கமாட்டார். ஆகவே முதல் கேள்வியை நீங்களே கேளுங்கள், மூன்று கட்டுரைகளையும் தொடும் கேள்வியாக, முந்தின நாளே எழுதி வைத்துக்கொண்டு. இரண்டாவது கேள்வி, அந்த மாநாட்டுக்குப் புதிதாக வந்த ஒருவருக்கு. அதன் பிறகு பேராசிரியர்கள். பேராசிரியர் ஒருவரை முன்கூட்டியே அணுகி, "ஐயா, மூன்று கட்டுரைகளையும் படித்துவிட்டு இறுதியில் ஐந்து நிமிடம் ஒப்பிட்டுப் பேச முடியுமா?" என்று கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு வேலை கொடுத்துவிட்டால் அவருடைய அறிவு அமர்வுக்குப் பயன்படும், நேரமும் கட்டுக்குள் இருக்கும்.

மொழியைப் பற்றி: தமிழில் பேசட்டும், தேசியமொழியில் பேசட்டும், ஆங்கிலத்தில் பேசட்டும், அவர்களுக்கு எதில் சரளமோ அதில். படவில்லை மட்டும் வேறொரு மொழியில் இருந்தால் அறையில் இருக்கும் மற்றவர்களும் தொடர்வார்கள். தேசியப் பள்ளிகளிலும் சீனப் பள்ளிகளிலும் உள்ள சிறு பள்ளி ஆசிரியர்களை அழைக்க மறக்காதீர்கள். கூட்டு வகுப்பு அவர்களுக்கும் உண்டு. நம் வட்டத்துக்குள்ளேயே நாம் பேசி முடித்துக்கொள்வது எனக்கு வருத்தமளிக்கும் பழக்கம்.

கட்டுரைகளைச் "ஸ்கோபஸ்" என்ற ஆய்விதழ்ப் பட்டியலில் உள்ள இதழில் போட்டுத் தருகிறோம், இவ்வளவு ரிங்கிட் கட்டுங்கள் என்று மாநாட்டின்போது யாராவது வந்து நிற்பார்கள். வலையமைப்பின் பெயரால் எந்த வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். பணம் கட்டினால் மதிப்பீடு இல்லாமல் அச்சேறும் இதழ் ஓர் ஆசிரியரின் நல்ல ஆய்வைப் புதைத்துவிடும். நல்ல கட்டுரைகள் இரண்டு மூன்று தேறினால், அவற்றை எழுதியவர்கள் ஆறு மாதம் திருத்தி, தரமான ஓர் இதழுக்கு அனுப்ப நீங்கள் துணை நின்றால் போதும்.

மாநாட்டு நாட்களிலேயே வலையமைப்பின் பொதுக் கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிவிடுங்கள், மதிய உணவு வேளையாக இருந்தாலும் பரவாயில்லை. உறுப்பினர் அல்லாதவர்களும் வரட்டும். அடுத்த ஆண்டுக்கான கேள்வி எது என்று அங்கேயே முடிவாகட்டும். உங்களுக்குத் துணையாக இன்னொருவரை அங்கேயே தேர்ந்தெடுங்கள், பள்ளியிலிருந்து நீங்கள் என்றால் அவர் பல்கலைக்கழகத்திலிருந்து. இரண்டு ஆண்டில் நீங்கள் விலகும்போது அவர் தொடர்வார். மதிப்பீட்டாளர் பட்டியல், அமர்வு அட்டவணை, ஏற்பாட்டுக் குழுவோடு நடந்த கடிதப் போக்குவரத்து, தேர்வாகாதவர்களுக்கு எழுதிய பதில்கள் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் வைத்து அன்றே அவரிடமும் ஒரு படி கொடுத்துவிடுங்கள். ஒத்திகைக்கு நாள் குறித்ததும் எனக்கு எழுதுங்கள். மதிப்பீட்டுப் படிவம் ஒன்றை வரைந்து அனுப்புகிறேன், நீங்கள் உங்கள் தேவைக்கு மாற்றிக்கொள்ளலாம்.